தனி மவுஸ்

நம் வயதில் இருக்கிறவர்களுக்கு ஒன்று கேட்கிறேன். கடையில் நிற்கும்போது யாரோ சாதாரணமாகச் சொன்ன ஒரு சொல்லைக் கேட்டு நீங்கள் அங்கேயே உட்கார்ந்திருக்கிறீர்களா? நான் உட்கார்ந்து மூன்று வாரம் ஆகிறது. ரயிலில் உட்கார இடம் கிடைத்தாலும் எழுந்து போய் வாசல் பக்கம் நிற்கிறேன். குக்கரை வைத்துவிட்டு விசிலை எண்ண மறக்கிறேன். ஆபீஸில் ஒரே கடிதத்தை இரண்டு முறை அனுப்பியிருக்கிறேன். எழுதினால் அடங்குமா என்று பார்க்கிறேன்.

என் மகளுக்குப் பதினான்கு வயது. அவள் கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு ஆடுகிறாள். பாட்டு ஓடும். தாளம் விழும் இடத்திலெல்லாம் திரையில் ஒரு வட்டம் முளைக்கும். அதைச் சுற்றி ஒரு வளையம் சுருங்கிக்கொண்டே வரும். வளையம் வட்டத்தைத் தொடுகிற அந்த நொடியில் அம்புக்குறி அங்கே இருக்க வேண்டும், கிளிக் விழ வேண்டும். கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும் போயிற்று. ஒரு பாட்டுக்கு இப்படி நூற்றுக்கணக்கான வட்டங்கள். என் ஆபீஸ் லேப்டாப்போடு வந்த மவுஸை வைத்துக்கொண்டு ஆட முடியவில்லை என்று நான்கு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கண் கெடும், மணிக்கட்டு வலிக்கும், பத்தாம் வகுப்பு வருகிறது என்று நானும் நான்கு மாதம் தள்ளினேன். கடைசியில் செம்பூர் ஸ்டேஷன் பக்கத்துக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

காய்கறி வாங்கத் தெரியாத பெண், மவுஸை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து எடை பார்த்தாள். காதருகே வைத்து ஆட்டினாள். பட்டனை அழுத்திவிட்டு, அது திரும்பி எழும் வேகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கவனித்தாள். வயர் மேஜையில் இழுபடக் கூடாது, எடை குறைவாக இருக்க வேண்டும், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்றாள். ஏன் இரண்டு பக்கமும் என்று கேட்டேன்.

"நான் லெஃப்டிம்மா. மத்ததெல்லாம் ரைட் ஹேண்டுக்கு வளைச்சு வச்சிருக்கான், பாரு."

கடைக்காரர் கேட்டுக்கொண்டிருந்தார். "லெஃப்டி கா தோ அலக் ஆதா ஹை, மேடம். அலக் மங்வானா படேகா," என்றார். இடது கைக்காரர்களுக்குத் தனியாக வரும், தனியாக வரவழைக்க வேண்டும்.

அலக். தனி. மகளுடைய இடது கை கண்ணாடி மேஜைமேல் எந்தக் கூச்சமும் இல்லாமல் விரிந்து கிடந்தது. நான் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் வேண்டுமா என்று கடைக்காரர் கேட்டார்.

*

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது, தம்பிக்குப் பத்து. தாராவியில் ஒரு தோல் பட்டறையில் அப்பா பை தைத்துக்கொண்டிருந்தார். பட்டறைக்கு மேலேயே ஏணி ஏறிப் போகிற அறைதான் எங்கள் வீடு. எங்கள் துணி, தலைமுடி, நோட்டுப் புத்தகம் எல்லாவற்றிலும் தோல் வாசனை இருக்கும். எங்களுக்கு அது தெரியாது. மற்றவர்கள் மூக்கைச் சுளிக்கும்போதுதான் தெரியும்.

அது எந்தத் தெருவில் பார்த்தாலும் கம்ப்யூட்டர் வகுப்பு போர்டு தொங்கிய காலம், உங்களுக்கு நினைவிருக்கும். மாட்டுங்காவில் ஒரு டீச்சர் தன் வீட்டு முன்ஹாலில் ஆறு கம்ப்யூட்டர்களைப் போட்டு வகுப்பு நடத்தினார். கம்ப்யூட்டர்களுக்கு உறை தைக்கும் வேலை எங்கள் பட்டறைக்கு வந்தது. அளவெடுக்கப் போன அப்பாவோடு தம்பியும் போனான். அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு டீச்சர், லீவு நாளில் குழந்தைகளை அனுப்புங்கோ என்று சொல்லியிருக்கிறார். அப்பா வீட்டுக்கு வந்து இதை அம்மாவிடம் மூன்று தடவை சொன்னார். மூன்றாவது தடவை டீச்சர் சொன்ன மாதிரியே, "அனுப்புங்கோ," என்று சொல்லிக் காட்டினார். அப்பா யாரையும் அப்படிச் சொல்லிக் காட்டி நான் பார்த்ததில்லை.

வகுப்பு நாட்களில் அம்மா எங்களுக்கு இரண்டு தரம் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினாள். கழுத்து வெளுக்கிற அளவுக்குப் பவுடர். வெயிலில் ரயில்வே பாலம் ஏறி இறங்குவதற்குள் அந்தப் பவுடர் வழிந்து கோடாகிவிடும். டீச்சர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே காலை வைத்தால் ஏசிக் குளிர் உள்ளங்காலில் ஏறும். முதல் நாள் தம்பி பயந்து காலைத் தூக்கிக்கொண்டான்.

அந்தக் காலத்து மவுஸை இப்போதைய பிள்ளைகள் பார்த்தால் சிரிப்பார்கள். வயிற்றில் ஒரு ரப்பர் உருண்டை இருக்கும். மூடியைத் திருகினால் உருண்டை கையில் விழும், கனமாக, எண்ணெய் பூசிய மாதிரி. உள்ளே இருக்கும் சின்ன உருளைகளில் கறுப்பாக அழுக்குச் சுற்றியிருக்கும். அதைத் தம்பி நகத்தால் சுரண்டி எடுப்பான். வகுப்புக்கு வந்த எல்லோருக்கும் கை தடுமாறியது. அம்புக்குறி ஓரிடம் போகச் சொன்னால் வேறிடம் போனது. கை பழகட்டும் என்று டீச்சர் ஒரு சிடி போட்டார். அதில் ஒரு விளையாட்டு இருந்தது. டிரம்ஸ் சத்தம் மட்டும் ஓடும். ஒவ்வொரு அடிக்கும் திரையில் எங்கோ ஒரு வெள்ளைப் பொட்டு தோன்றி மறையும். மறைவதற்குள் அதை கிளிக் செய்ய வேண்டும். நாங்கள் அதைப் பொட்டு ஆட்டம் என்றோம். இப்போது என் மகள் ஆடுவதும் அதேதான். அவளிடம் சொன்னேன். நம்பவில்லை.

நான் பொட்டைப் பார்த்த பிறகு துரத்தினேன். தம்பி துரத்தவில்லை. அடி விழும்போது அவன் அம்புக்குறி அங்கே இருந்தது. பட்டறையில் நாள் முழுக்க தோலைத் தட்டுகிற சத்தத்தில் வளர்ந்த பிள்ளை. எனக்கும் அதே சத்தம்தான், ஆனால் எனக்கு வரவில்லை. நான் நாற்பது எடுத்தால் அவன் தொண்ணூறு எடுத்தான். டீச்சர் தன் நாற்காலியை விட்டு எழுந்து வந்து அவன் பின்னால் நின்று பார்த்தார்.

அவன் மவுஸை இடது கையில் பிடித்தான்.

வீட்டில் எதற்கு எந்தக் கை என்பது அடித்துச் சொல்லிக் கொடுக்கப்பட்டிருந்தது. அவன் சின்னதில் இடது கையால்தான் எல்லாம் செய்வான். ஒரு தடவை பட்டறைக்கு வந்த பெரியவர் ஒருவருக்கு இடது கையால் தண்ணீர் நீட்டிவிட்டான். அப்பா தோல் வெட்டும் இரும்பு ஸ்கேலால் அந்தக் கை முட்டியில் போட்டார். அதற்குப் பிறகு சாப்பாடு, எழுத்து, கொடுப்பது, வாங்குவது எல்லாம் வலது கைக்குப் போயிற்று. ஆனால் மவுஸை எந்தக் கையால் பிடிக்க வேண்டும் என்று எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் மவுஸை யாரும் பார்த்ததே இல்லை. அதனால் அவன் கை தானாகப் போன பக்கம் போயிற்று. மவுஸை விசைப்பலகைக்கு இடப் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டான். கிளிக் செய்கிற பட்டன் அவனுக்கு நடுவிரலில் விழுந்தது. அதில்தான் தட்டினான்.

வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் பெண் என் வயதுக்காரி, டீச்சர் இருந்த தெருவிலேயே இருந்தாள். அவள்தான் கேட்டாள், உன் தம்பி ஏன் அந்தக் கையால் ஆடுகிறான் என்று. அன்று தம்பி தொண்ணூற்றெட்டு எடுத்திருந்தான். நான் முப்பத்தைந்து. அதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

"அது பீச்சாங்கை," என்றேன்.

அவளுக்கு அந்தச் சொல் தெரியாது. அவர்கள் வீட்டில் இடது கை என்றுதான் சொல்வார்களாம். நான் விளக்கினேன். சோற்றுக்கு ஒரு கை, கழுவுவதற்கு ஒரு கை, அந்தக் கழுவுகிற கை இது என்று பெயரைப் பிரித்துப் பொருள் சொன்னேன். அவள் தன் உள்ளங்கையைப் பார்த்தாள். முந்தின நாள் தம்பி ஆடிய மவுஸில் அன்று அவள் ஆடிக்கொண்டிருந்தாள். எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்தாள்.

ஒரு வாரத்தில் வகுப்பில் இருந்த ஆறு பேருக்கும் அந்தச் சொல் தெரிந்துவிட்டது. அவன் தொட்டதை நான் தொட மாட்டேன் என்று தினமும் தகராறு. வகுப்பு தொடங்கும் முன்னால் எந்த மவுஸ் அவனுடையது என்று கண்டுபிடிப்பதே ஒரு விளையாட்டாயிற்று. டீச்சருக்குப் பொறுமை போயிற்று. ஒரு நாள் சிவப்பு இன்சுலேஷன் டேப் சுருளை எடுத்துக்கொண்டு வந்தார். தம்பியைக் கூப்பிட்டார்.

"ஆறு இருக்கோன்னோ, உனக்கு எது வேணுமோ எடுத்துக்கோ. அது இனிமே உனக்குத்தான். ஒருத்தரும் தொட மாட்டா," என்றார்.

தேர்ந்தெடுக்கத் தம்பி இரண்டு நாள் எடுத்துக்கொண்டான். என் மகள் கடையில் செய்ததை அன்றைக்கே அவன் செய்தான். ஒன்றில் உருண்டை லேசு, திருப்பத்தில் வழுக்கியது. ஒன்றில் பட்டன் அழுத்தினால் சோம்பலாக எழுந்தது. எல்லோரும் ஆசைப்பட்ட புது மவுஸ் வலது உள்ளங்கைக்கு ஏற்றாற்போல் ஒரு பக்கம் வீங்கியிருந்தது. அவன் கையில் அது உட்காரவில்லை. கடைசியில் மஞ்சளாகிப் போன, சோப்புக்கட்டி மாதிரி சதுரமான ஒன்றைத் தேர்ந்தெடுத்தான். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. அழுத்தினால் டக்கென்று கேட்கும். இருப்பதிலேயே பழசை எடுத்திருக்கிறாயே என்று டீச்சர் சிரித்தார். இதுதான் நான் சொன்ன நேரத்துக்குக் கேக்குது, டீச்சர் என்றான். டீச்சர் அதன் முதுகில் டேப்பைச் சுற்றினார்.

பிறகு அவன் டீச்சர் பக்கத்தில் போய் மெதுவாக ஒன்று கேட்டான். எந்தக் கையால் ஆடுகிறேன் என்று அப்பாவிடம் சொல்லாதீர்கள் என்றான். டீச்சர் அவன் கை முட்டியைப் பார்த்தார். சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார்.

வீட்டுக்குத் திரும்பும்போது பாலத்தில் அவன் குதித்துக்கொண்டே வந்தான். எங்கள் வீட்டில் அவனுக்கென்று எதுவும் இருந்ததில்லை. படுக்கிற பாய்கூட எனக்கும் அவனுக்கும் சேர்த்துத்தான்.

*

டீச்சர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஆண்டு முழுக்க நடக்கும் பெரிய வகுப்பில் ஒரே ஓர் இடத்தை, கோடை வகுப்பில் நன்றாகச் செய்த ஒரு பிள்ளைக்கு ஒதுக்குவார். கடைசி நாள் பெற்றோர்கள் வருவார்கள். எல்லோர் முன்னாலும் பிள்ளைகள் தட்டச்சும் பொட்டு ஆட்டமும் செய்து காட்ட வேண்டும். யாருக்கு இடம் என்று அப்போதே சொல்லிவிடுவார். அது தம்பிக்குத்தான் என்று எங்கள் ஆறு பேருக்கும் தெரியும். அவன் கம்ப்யூட்டர் என்ஜினியர் ஆகப்போவதாக அம்மா கீழே பட்டறைவரை சொல்லி வைத்திருந்தாள்.

ஒரே சிக்கல், அப்பா வருகிறார். அதனால் கடைசி வாரம் முழுவதும் தம்பி வலது கையால் பழகினான். மவுஸ் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்ததால் முடிந்தது. முதல் நாள் இருபதுக்கு இறங்கினான். உதட்டைக் கடித்துக்கொண்டு ஆடி ஆடி, வாரக் கடைசியில் எழுபதுக்கு வந்தான். எழுபதே எங்கள் எல்லோரையும்விட மேல்.

அன்று அப்பா இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டார். கையில் பசைக் கறை போகவில்லை என்று மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தார். டீச்சர் வீட்டில் நாற்காலி இருந்தும் உட்காரவில்லை. சுவரோரமாக நின்றார்.

தம்பியின் முறை வந்தது. டிரம்ஸ் தொடங்கியது. வலது கை. முதல் சில பொட்டுகள் தவறின, பிறகு பிடித்துக்கொண்டான். பெற்றோர்கள் எழுந்து பக்கத்தில் வந்து பார்க்க ஆரம்பித்தார்கள். அப்பாவும் இரண்டு அடி முன்னால் வந்தார். அப்போது யாரோ ஒருவரின் சின்னக் குழந்தை மேஜையருகே போய் மவுஸைத் தொடக் கையை நீட்டியது. என் பக்கத்து இருக்கைப் பெண் அதன் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அதைத் தொடாதே. அது அவனோடது, தனி. நாங்க யாரும் தொட மாட்டோம்."

அப்பா டேப்பைப் பார்த்தார். மற்ற ஐந்து மேஜைகளையும் பார்த்தார். வேறெதிலும் டேப் இல்லை. டீச்சரிடம் கேட்டார், இது என்ன என்று. டீச்சர் பெருமையாகத்தான் சொன்னார்.

"அவனுக்குன்னு தனியா வெச்சிருக்கேன்."

அப்பாவின் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒன்று வந்தது. கோபம் என்றால் எனக்குத் தெரியும். இது வேறு. அவர் என் பக்கம் திரும்பினார். குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டார்.

"எம்மா, நெசமாவா? தம்பிக்கு மட்டும் தனியாவா வச்சிருக்காவ?"

இடது கைக்காகத்தான் அப்பா என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் இரும்பு ஸ்கேல். அந்தச் சொல்லை இவர்களுக்குக் கற்றுக் கொடுத்தது யார் என்பதும் வெளியே வரும். டீச்சர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் வாக்குக் கொடுத்துவிட்டவர்.

"ஆமாப்பா," என்றேன்.

அதில் பொய் இல்லை. தனியாகத்தான் வைத்திருந்தார்கள்.

அப்பா கத்தவில்லை. தம்பியின் தோளைப் பிடித்து எழுப்பினார். டிரம்ஸ் ஓடிக்கொண்டிருந்தது, பொட்டுகள் தோன்றித் தோன்றி மறைந்துகொண்டிருந்தன. தம்பிக்கு ஒன்றும் புரியவில்லை, கழுத்தைத் திருப்பித் திரையையே பார்த்தான். அப்பா டீச்சர் முன்னால் போய் நின்றார்.

"எங்க ஊரு டீக்கடையில எங்க தெருக்காரங்களுக்குத் தனி கிளாஸ் வச்சிருந்தாங்கம்மா. அது வேண்டாம்னுதான் பம்பாய்க்கு வந்தேன். எம்பிள்ளைக்குத் தனியா எதுவும் வைக்க வேண்டாம்."

டீச்சர் வாயைத் திறந்தார். ஐயோ, அதில்லே என்று மட்டும் வந்தது. அதற்குள் நாங்கள் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தோம்.

பாலத்தில் ஏறும்போது அப்பா எங்கள் இரண்டு பேர் கையையும் பிடித்திருந்தார். அப்பா தெருவில் எங்கள் கையைப் பிடித்து நடந்தது அன்று ஒரு நாள்தான். ஏன் இடையில் கூட்டிக்கொண்டு வந்தீர்கள் என்று தம்பி கேட்டான். அப்பா நடையை வேகமாக்கினார். அவன் இன்னொரு தடவை கேட்டான். பிறகு எப்போதும் கேட்கவில்லை.

*

இதைப் பல வருடங்களாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அப்பா தவறாகப் புரிந்துகொண்டார் என்று ஒரே வரியில் முடிக்க முடிந்தால் நிம்மதி. டீச்சர் வீட்டில் எங்களுக்குத் தண்ணீர் எதில் கொடுத்தார்கள் என்று நினைவுபடுத்திப் பார்க்கிறேன். வரவில்லை. நாங்கள் வீட்டிலிருந்து பாட்டிலில் கொண்டுபோனோம் என்று தோன்றுகிறது. அம்மாவாகக் கொடுத்தனுப்பினாளா, கொண்டுவாருங்கள் என்று யாராவது சொன்னார்களா, தெரியவில்லை. அந்தப் பெண் கை கழுவ எழுந்து போனது நான் சொன்ன சொல்லுக்காக மட்டும்தானா என்பதும் தெரியவில்லை. டீச்சர் நல்லவர் என்றே நினைக்கிறேன். பிறகு ஒரு முறை அவர் பட்டறைக்கு வந்தாராம். உறை நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றாராம். அப்பா மெஷினை விட்டு எழவில்லையாம்.

பெரிய வகுப்பின் அந்த ஒரே இடம் என் பக்கத்து இருக்கைப் பெண்ணுக்குப் போயிற்று.

தம்பி வேறு கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போகவில்லை. அப்பாவும் அனுப்பவில்லை. இப்போது வடாலாவில் ஏசி ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். நன்றாகத்தான் இருக்கிறான். அவன் வாழ்க்கையை நான் கெடுத்துவிட்டேன் என்று சொன்னால் அவன் மனைவியே சிரிப்பாள்.

அப்பாவோ அந்த நாளை வைத்துக்கொண்டு நிமிர்ந்தவர். தன்னால் ஊரில் செய்ய முடியாததைத் தன் பிள்ளைக்காக மாட்டுங்காவில் செய்துவிட்டு வந்த கதையை, வீட்டுக்கு யார் வந்தாலும் சொல்வார். வருடம் போகப் போக டீக்கடை கிளாஸைத் தூக்கிப் போட்டு உடைத்துவிட்டு ரயிலேறியதும் அதில் சேர்ந்துகொண்டது. அம்மா இருந்தவரை, "ஒடச்சீகளா? எங்கிட்ட சொல்லவேயில்லையே," என்று கேட்டுச் சிரிப்பாள். அப்பாவும் சிரித்துவிட்டு, அடுத்த தடவையும் உடைப்பார்.

அன்று மவுஸ் கடையிலிருந்து மகளை வீட்டில் விட்டுவிட்டு நேராக வடாலா போனேன். கடைக்காரர் சொன்ன தனி மவுஸ் வேண்டாம் என்று, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்த ஒன்றை அவள் கண்டுபிடித்து எடுத்திருந்தாள்.

தம்பி தரையில் உட்கார்ந்து ஏசியின் சர்க்யூட் போர்டை பிரஷ்ஷால் துடைத்துக்கொண்டிருந்தான். நான் நின்றுகொண்டே சொன்னேன். அந்தச் சொல்லைச் சொன்னது நான். அப்பா கேட்டபோது ஆமாம் என்றதும் நான். டிரம்ஸ் சத்தத்தில் உனக்குக் கேட்டிருக்காது.

அவன் பிரஷ்ஷை நிறுத்தவில்லை. "ஏன்க்கா இப்ப வந்து சொல்ற?" என்றான்.

உனக்கு அடி விழும் என்று பயந்துதான் சொல்லவில்லை என்றேன். அப்போதுதான் நிமிர்ந்தான்.

"அடிதானே விழுந்திருக்கும். ஒரு நாள் அடி. நான் வாங்காத அடியா? தோ-தீன் தின்ல, ரெண்டு மூணு நாள்ல, ஆறியிருக்கும்ல."

சாலைக்கு மேலே மோனோரயில் போயிற்று. ஏதாவது சொல்வான் என்று நின்றேன். கேஸ் சிலிண்டரை நகர்த்தச் சொன்னான், நகர்த்தினேன்.

அப்பாவிடம் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். "மாலும் நஹி," என்றான். கொஞ்சம் கழித்து, "தெரியலக்கா. நெஜமா தெரியல," என்று தமிழில் ஒரு தடவை சொன்னான்.

*

போன ஞாயிற்றுக்கிழமை அவன் எங்கள் வீட்டுக்கு வந்தான். அப்பா எங்களோடுதான் இருக்கிறார். எழுபது தாண்டிவிட்டது, கண் கொஞ்சம் மங்கல். பேத்தி எந்தக் கையால் எதைச் செய்தாலும் அவருக்குச் சிரிப்புத்தான். "பீச்சாங்கை ராணி" என்று கூப்பிடுவார். அவளும், "சொல்லுங்க சோத்தாங்கை ராஜா," என்பாள். அந்தக் கேலியைத் தம்பி எதிரில் கேட்கும்போதெல்லாம் நான் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவேன்.

அவள் புது மவுஸில் ஆடிக்கொண்டிருந்தாள். கிளிக் சத்தம் கேட்டு அப்பாவுக்கு ஞாபகம் வந்துவிட்டது. உன் மாமாவும் இந்த ஆட்டத்தில் பெரிய ஆள் என்று ஆரம்பித்தார். உறைக்கு அளவெடுத்தது, இஸ்திரி போட்ட சட்டை, சிவப்பு டேப். அவள் பலமுறை கேட்ட கதைதான். இந்த முறை ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கேட்டாள். இப்போது அவளுக்கு அது ஆட்டக்காரர் ஒருவரின் கதை. தாத்தா நிறுத்திய இடத்தில் தம்பியைப் பார்த்துக் கேட்டாள்:

"மாமா, நீங்க எந்தக் கையில ஆடுவீங்க?"

அவளுக்குத் தேவையான தகவல்தான், வேறொன்றும் இல்லை. நான் டீ கொண்டு வந்தவள் கதவருகே நின்றுவிட்டேன். அப்பா மங்கலான கண்ணால் மகன் இருந்த பக்கம் திரும்பினார். அவரும் பதிலுக்குக் காத்திருந்த மாதிரிதான் இருந்தது. தம்பி என்னைப் பார்த்தான். நீளமாகப் பார்த்தான். அவன் இடது கை விரல்கள் தொடைமேல் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. அவை நின்றன.

"ரைட்ல, பேட்டா," என்றான். "அன்னிக்கு ரைட்லதான் ஆடினேன். தாத்தா பாத்தாரே."

அப்பா தலையாட்டினார். "பாத்தேன். கண்ணால பாத்தேன். என்ன வேகம், எம்பிள்ளைக்கு."

மகள் கொஞ்சம் ஏமாந்த மாதிரி ஹெட்போனை மறுபடி மாட்டிக்கொண்டாள். அப்பா கதையில் டீக்கடைக்கு வந்து சேர்ந்தார், கிளாஸைக் கையில் எடுத்தார். நான் நிறுத்தச் சொல்லவில்லை.